கியரில் நின்ற டிராக்டர்

என் மாமனாரின் டிராக்டரை மறுபடி ஓட வைக்கப் போவதாக என் கணவர் சொன்ன அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை. காரணம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இரும்புதானே, என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தோசையைத் திருப்பிப் போட்டேன்.

வண்டி எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்றது. ஒரு பக்கம் நான் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் ரூம்கள், இன்னொரு பக்கம் மதில், நடுவில் கிழிந்த தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு அது. மாமனார் இருந்தவரைக்கும் அதை வேறு யாரும் தொட முடியாது. அவர் போன பிறகு தொடவேண்டிய வேலையே யாருக்கும் இல்லை. நிலத்தில் பெரும்பங்கு எப்போதோ கம்பெனிகளுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது வடக்குப்பட்டுப் பக்கம் ஏரியை ஒட்டிய ஒரு துண்டு. ரூம் பையன்கள் வண்டியின் மேல் ஈரத் துண்டைக் காயப் போடுவார்கள். ஒரு தடவை சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. அந்த அளவுக்கு அது சாதுவாகத்தான் இருந்தது.

என் கணவருக்கு வேலை போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் கான்ட்ராக்டில் இருந்தார். கான்ட்ராக்டர் மாறினான். புதிதாக வந்தவன் தன் ஆட்களைக் கொண்டுவந்தான். இவர் வீட்டுக்கு வந்தார். ஐம்பதை நெருங்கும் ஆளை எந்த கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, டிவியைப் போடாமலே உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலும் பயமும் மாறி மாறி வரும். ஒரு நாள் காலையில் திடீரென்று எழுந்துபோய்த் தார்ப்பாயை உருவிப் போட்டார்.

"இத்த ரெடி பண்ணிட்டா போதும். நம்ம துண்டு நெலத்த ஓட்டலாம். படப்பைல பிளாட் போடறவனுக்குத் தண்ணி டேங்கர் இழுக்கலாம். எவன் கேட்லயும் போய் நிக்க வேணாம்" என்றார்.

முகத்தில் அப்படி ஒரு களை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மனுஷன் எழுந்து நிற்க ஏதோ ஒன்று வேண்டும், அது இந்த வண்டியானால் ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் இந்த வண்டி இவரை ஏதாவது செய்துவிடும் என்ற நினைப்பு அன்றைக்கு வந்து உட்கார்ந்தது. பிறகு அது எழுந்து போகவே இல்லை.

எங்கள் வீடு ஓடுவது ரூம் வாடகையில். அதில் இரண்டு ரூமின் வாடகை உங்களுக்கு, வண்டி ஓடுகிறவரை அதற்கு மேல் ஒரு பைசா கேட்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். கூட மாட உதவிக்கு என் கொழுந்தன் இருந்தான். நான் கல்யாணமாகி வந்தபோது அரை டிராயர் போட்டுக்கொண்டு திரிந்தவன். இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் லைனில் பெரிய ஆள். பக்கத்து வீடுதான். ஷிஃப்ட் முடிந்தால் நேராக எங்கள் பின்பக்கத்துக்கு வந்துவிடுவான். அண்ணன் என்றால் அவனுக்கு உயிர்.

பானட்டைத் தூக்கிய அன்றைக்கு உள்ளே ஒரு எலிக்கூடு இருந்தது. ஒயர்களை எல்லாம் எலி கடித்துத் துப்பியிருந்தது. கூட்டைக் குச்சியால் இழுத்தபோது அதோடு நீளமாக ஒரு பாம்புச் சட்டை வந்தது.

"பாம்பு எங்க?" என்றேன்.

"சட்டையக் கயட்டிப் போட்டுட்டு டூட்டிக்குப் போயிருக்கும் அண்ணி" என்றான் கொழுந்தன். அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சட்டையைக் கொளுத்தச் சொன்னேன். மறந்துவிட்டார்கள். காற்றில் அது ரூம்கள் பக்கமும் மதில் பக்கமும் கொஞ்ச நாள் அலைந்துகொண்டிருந்தது.

சைலன்சர் குழாய்க்கு மேல் மாமனார் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைத்திருந்தார். அது எந்தக் காற்றிலோ விழுந்து, மழைத் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, என்ஜின் ஒரேயடியாக இறுகிப் போயிருந்தது. டீசலையும் பழைய பிரேக் ஆயிலையும் கலந்து உள்ளே ஊற்றி ஊற வைத்தார்கள். தினமும் காலையில் ஒரு தடவை ஊற்றுவது, கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்ப்பது. என் வீட்டில் நான் போட்ட ஊறுகாயை இவர் ஒரு நாள் கிளறிவிட்டதில்லை. என்ஜின் ஒரு நாள் கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு அசைந்துகொடுத்தது. அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வாலாஜாபாத்தில் பழைய இரும்புக் கடைகளில் தேடித் தேடி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். லோடு ஆட்டோவில் இருந்து கழற்றிய பேட்டரி. ஒட்டுப்போட்ட ரேடியேட்டர். யாரோ ஓட்டித் தேய்த்து, மேலே புது ரப்பர் ஒட்டிய டயர். வாலாஜாபாத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து டீசல் பம்ப்பைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சரிசெய்து மாட்டினான். ஒயரிங் மட்டும் அப்படியே கிடந்தது. சாவித் துவாரத்தில் துரு. மாமனார் காலத்தில் சாவியைத் திருப்பினால் கியர் போடாமல் இருந்தால்தான் வண்டி கிளம்பும்படி ஒரு சுவிட்ச் இருந்ததாம். அதன் ஒயரும் எலிக்குத்தான் போயிருந்தது. அதற்கு மெக்கானிக் சொன்ன வழி, கீழே நின்றுகொண்டு ஒரு ஸ்க்ரூ டிரைவரை செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே வைப்பது. பொறி பறக்கும், என்ஜின் சுற்றும். ஊர்ப்பட்ட டிராக்டர் அப்படித்தான் கிளம்புகிறது என்றான்.

"ஒயரிங்க மொதல்ல பண்ணுங்க. பெயின்ட் அப்புறம் அடிச்சுக்கலாம்" என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"ஒயரிங்க எவன் பார்க்கப் போறான்? பெயின்ட் அடிச்சாதான் வண்டின்னு ஒத்துக்குவான், வாடகைக்குக் கூப்பிடுவான்" என்றார்.

மிச்சமிருந்த பணத்தில் நல்ல சிவப்பாகப் பெயின்ட் அடித்தார். வண்டி ஜம்மென்றுதான் இருந்தது. அதைப் பார்த்தாலே எனக்குக் கண் கூசியது.

கைப்பிரேக் மாமனார் இருந்தபோதே செத்துவிட்டது. எங்கள் பக்கம் அந்த மாதிரி வண்டியை முதல் கியரில் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து நிறுத்துவார்கள். கியரில் இருந்தால் சக்கரம் உருளாது. கிளப்பும்போது கியரை எடுத்துவிட்டுக் கிளப்ப வேண்டும். கியரை எடுத்துவிட்டால் கியர்க் கம்பி இரண்டு பக்கமும் தாராளமாக ஆடும். அப்போது வண்டி ‘ஃப்ரீயில்’ இருக்கிறது என்பார் என் கணவர். "எறக்கத்துல ஃப்ரீல வுட்டா டீசல் மிச்சம்" என்று ஷேர் ஆட்டோ டிரைவருக்கே பாடம் எடுப்பார். அவர் அப்பாவிடம் டிராக்டர் ஓட்டப் பழகியபோது வந்த சொல் அது. என் கொழுந்தனுக்கு அதே சொல் வேறு. அவன் டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து பழகியவன் இல்லை, கம்பெனியில் பழகியவன். பிரஸ் மெஷினுக்கு முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன். பட்டனை அமுக்கும் முன் முன்னால் நிற்பவன் "ஃப்ரீயா?" என்று கத்தணும். பின்னால் இருப்பவன் யார் கையும் தலையும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு "ஃப்ரீ" என்று திருப்பிக் கத்தணும். ஒரு ஷிஃப்டில் நூறு தடவை கத்திக் கத்தி அவனுக்கு அது வாயோடு ஒட்டிவிட்டது. பீரோக் கதவைச் சாத்தும்போதுகூட என் மகளைப் பார்த்து "ஃப்ரீயா?" என்பான். அவளும் விரலை எடுத்துக்கொண்டு "ஃப்ரீ சித்தப்பா" என்பாள். சோப்புத்தூளுக்கு பக்கெட் தருகிற ஃப்ரீயைத் தவிர எனக்கு வேறு ஃப்ரீ தெரியாது என்று நான் அவர்கள் இருவரையும் கேலி செய்வேன்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் வந்து, டீசல் லைனில் காற்றை எடுத்து, வண்டியைக் கிளப்பிவிட்டான். கரும்புகை ரூம்கள் பக்கம் சுருண்டது. நைட் ஷிஃப்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்த திருநெல்வேலிப் பையன் ஒருத்தன் "என்னக்கா, தீப்பிடிச்சிட்டா?" என்று பதறி ஓடிவந்தான். மெக்கானிக் வண்டியை கேட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, வழக்கம்போல் கியரில் போட்டு, கல்லைக் கொடுத்துவிட்டுப் போனான். என் கணவர் அப்போது வாலாஜாபாத்தில் பூஜைச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. முதல் சத்தத்தை அவர் கேட்கவில்லை. "நாளைக்கு நான்தான் கெளப்புவேன், எவனும் தொடக் கூடாது" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. வண்டிக்குப் பொட்டு வைத்து, கற்பூரத் தட்டோடு நான் நின்றேன். கொழுந்தன் நைட் ஷிஃப்ட் முடித்து, தூங்காமல், கம்பெனிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. அவன்தான் மேலே ஏறி ஸ்டியரிங்கில் மாலையைப் போட்டு, சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டு இறங்கினான். பிறகு சக்கரத்தின் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். கல் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்தான். புது வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பழைய வண்டிதானே, எதற்கு என்று கேட்கலாம். நாங்கள் யாரும் கேட்கவில்லை. அந்தக் கனத்த சக்கரத்துக்கு முன்னால் ஒரு சின்ன மஞ்சள் பழம். அதையே பார்த்துக்கொண்டு தட்டைச் சாய்த்துவிட்டேன், கற்பூரம் சரிந்தது.

என் கணவர் வலது பக்கம், பெரிய சக்கரத்துக்கும் சின்னச் சக்கரத்துக்கும் நடுவில், ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்து நின்றார். கொழுந்தன் முன்பக்கம் போய், வழியில் கிடந்த சைக்கிளை நகர்த்தி, கோழியை விரட்டி, என்னையும் என் மகளையும் ஓரமாகத் தள்ளி நிற்கச் சொன்னான்.

"ஃப்ரீயாடா?" என்று கேட்டார் என் கணவர்.

தம்பி இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். "ஃப்ரீ" என்றான். கம்பெனியில் கத்துகிற அதே சத்தத்தில்.

பொறி பறந்ததைப் பார்த்தேன். வண்டி உறுமவில்லை, முதலில் நகர்ந்தது. ஏதோ தூக்கத்தில் புரளுவது போல ஒரு அசைவு. எலுமிச்சம்பழம் நசுங்கியது. அப்புறம்தான் என்ஜின் பிடித்தது. பின் சக்கரம் அவருடைய இடது காலின் மேல் ஏறியது. அவர் கத்தவில்லை. கத்தியது நான். வண்டி அவரைக் கீழே தள்ளிவிட்டு, கேட்டுக்குப் போகாமல், ஒருபக்கமாகத் திரும்பி மதிலை நோக்கிப் போயிற்று. கொழுந்தன் ஓடும் வண்டியில் தாவி ஏறி, டீசலை நிறுத்துகிற கம்பியை இழுத்தான். மதிலில் முட்டி அது நின்றது. நின்ற பிறகு அந்த இடத்தில் இருந்த அமைதியை நான் இன்னும் சில மத்தியானங்களில் கேட்கிறேன்.

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? கியரைப் பார்க்காமல் கிளப்பியிருக்கிறான், இவனெல்லாம் டிராக்டர் ஓட்டின பரம்பரையா என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பேசினார்கள். என் கொழுந்தனும் அதையேதான் நினைத்தான். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஏண்ணா, கியரப் பார்க்காம வுட்டுட்ட? நீயா இப்பிடி?" என்றான்.

"மறந்துட்டேன்டா" என்றார் என் கணவர்.

அவன் டீ வாங்கப் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "நான் கேட்டது கியர. அவன் சொன்னது ஆள" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. கியர் போட்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். மேலே ஏறி இறங்கியவன் தம்பி. அதனால்தான் தம்பியைக் கேட்டார். மறக்கிற ஆள் இல்லை அவர். "அவனுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அவன் மனுஷனா இருக்க மாட்டான். எனக்கு ஒரு கால்தான் போச்சு" என்றார்.

சரி என்றேன். ஆனால் எனக்குக் கோபம். இவர் மேல், அவன் மேல், அந்த மெக்கானிக் மேல், அந்த எலியின் மேல்கூட. ஊரில் ஒவ்வொருத்தர் இவரை அஜாக்கிரதைக்காரன் என்னும்போதும் நாக்கு நுனிவரை வரும், விழுங்கிக்கொள்வேன். அந்தக் கோபத்தைவிடப் பெரிதாக ஒரு பயம். அந்தச் சொல் என் வீட்டுக்குள் இன்னும் நடமாடிக்கொண்டிருந்தது. கொழுந்தன் பீரோவைச் சாத்தும்போதும், ஸ்கூட்டரைப் பின்னால் எடுக்கும்போதும், எதுவும் தெரியாமல் "ஃப்ரீயா?" என்பான். என் கணவர் பேப்பரைப் புரட்டுவார். நான் சமையலறையில் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிடுவேன். என்றைக்காவது ஒரு நாள் அவன் வாயிலிருந்து வரும் அந்தச் சொல் அவன் காதிலேயே விழுந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

வண்டியை விற்கவும் விடவில்லை இவர். ரூம் பையன்களை விட்டு மதிலிலிருந்து தள்ளி, பழைய இடத்தில் நிறுத்தச் சொன்னார். கட்டைக் காலை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போய், அதன் சிவப்பு பானட்டைத் துணியால் துடைக்கிறார். நான் கேட்டதற்கு, "ஒயரிங் மட்டும் பாக்கி" என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன் குழம்பு. கொழுந்தனும் எங்களோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கம்பெனியில் ஒரு புது மரியாதை வந்திருந்தது. ஷிஃப்ட் தொடங்கும் முன் புதுப் பையன்களை நிற்க வைத்து, பாதுகாப்பைப் பற்றிப் பேச அவனை விட்டிருந்தார்கள்.

"நேத்து நம்ம அண்ணன் கதையத்தான் அண்ணி சொன்னேன். ஒரு பையன் அழுதுட்டான்" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னான்னு சொன்ன? கவனம் இல்லாதவருன்னா?"

"அய்ய, அப்பிடி இல்ல அண்ணி. எவ்ளோ தெரிஞ்ச ஆளா இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் செய்யணும்னு சொன்னேன். எங்க லைன்ல பாருங்க, எத்தினி வருஷம் சர்வீஸ் இருந்தாலும் பட்டன அமுக்கறதுக்கு முன்னாடி ஃப்ரீயான்னு கேட்டே ஆவணும். எதிர்ல இருக்கறவன் ஃப்ரீன்னு சொன்னாதான் அமுக்கணும். அண்ணன் மட்டும் அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

அங்கேயே நின்றுவிட்டான். பிசைந்த சோறு கையில் இருந்தது.

"கேட்டாருல்ல" என்றான், மெதுவாக.

வெளியே மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று போயிற்று. என் கணவர் குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினார்.

"ஆறிடும். துன்னு" என்றார்.

"நீ இன்னாத்தண்ணா கேட்ட அன்னிக்கு? கியரயா?"

"மறந்துட்டேன்டா" என்றார் என் கணவர். அதையேதான் போலீசிடம் சொன்னார், டாக்டரிடம் சொன்னார், ஊரிடம் சொன்னார், எல்லாரும் நம்பினார்கள். தம்பி மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்திருக்கக் கூடாது. குனிந்துவிட்டேன்.

சோற்றைத் தட்டில் உதறிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து பின்பக்கம் போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிராக்டரின் மேல் ஏறி, சீட்டில் உட்காராமல் நின்றபடியே, கியர்க் கம்பியைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தான். அது அசையவில்லை. கைப்பிரேக் இல்லாத வண்டியை எங்கள் பக்கம் எல்லாரும் கியரில்தான் நிறுத்துவார்கள்.